ஒரே வரி, இரண்டு பயணம்

லாக்லி சேவைக்கு லாக் அனுப்பவும், அனுப்பியதைத் தேடி எடுக்கவும் சார்லி ராபின்ஸ் 2010இல் எழுதிய நோட்.ஜேஎஸ் லைப்ரரி ஒன்று உண்டு. சிறியது. திருவனந்தபுரத்தில், கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு உட்கார்ந்து முழுவதையும் படித்துவிடலாம். நான் அதில் திரும்பத் திரும்பப் போய் நிற்பது தேடும் பகுதியில்தான்.

லாக்லி சர்வரிடம் எதையாவது தேடச் சொன்னால், உடனே லாக் வரிகளைத் தராது. கேள்வியை வாங்கிக்கொண்டு ஓர் அடையாள எண்ணை மட்டும் தரும். மருத்துவமனையில் ஓபி சீட்டு வாங்குவது போல, அந்த எண்ணோடு இரண்டாவது முறை போய்க் கேட்டால்தான் காரியம் நடக்கும். லைப்ரரியைப் பயன்படுத்துகிறவருக்கு இந்த அலைச்சல் தெரிவதே இல்லை. தேடவேண்டிய '404'ஐக் கொடுத்து 'ரன்' என்கிறார், அவ்வளவுதான். போய், எண்ணை வாங்கி, மறுபடி போய், வரிகளை அள்ளிக்கொண்டு வருவதை உள்ளே ஒரே ஃபங்ஷன் பார்த்துக்கொள்கிறது. வழியில் எது தவறினாலும், கால்பேக்கின் முதல் இடத்தில் பிழை வந்து நிற்கும். எவ்வளவு அடக்கமான வேலை!

அனுப்பவும் எடுக்கவும் ஒரே சாவி இல்லை என்பதும் எனக்குப் பிடிக்கும். அனுப்ப ஒரு டோக்கன் போதும்; தேட வேண்டுமானால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தனியாகத் தர வேண்டும். டோக்கன் யார் கையிலாவது சிக்கினாலும், அதை வைத்துப் பழைய லாக்கைப் படிக்க முடியாது.

மொத்தமாக அனுப்பும்போது ஒரு நுட்பம். ஒரு கட்டு 5 எம்பிக்குள், ஒரு பதிவு 1 எம்பிக்குள் இருக்க வேண்டும். வரிக்கு ஒரு பதிவு. அப்படியென்றால் நாற்பது வரி ஓடும் ஸ்டாக் ட்ரேஸ் நாற்பது பதிவாகச் சிதறிவிடாதா? சிதறாது. ஜேசன் ஆக்கும்போதே ஒவ்வொரு வரிமுறிவும் பின்சாய்வுக்கோடு, 'என்' என்ற இரண்டு எழுத்துகளாக மாறிவிடுகிறது. நாற்பது வரியும் ஒரே வரியில் சுருண்டு போகிறது. எடுத்து விரித்தால் பழைய நாற்பது வரி, ஒரு முறிவுகூடக் குறையாமல்.

நேரமும் அப்படித்தான். இங்கே காலை 9 மணிக்கு நடந்தது, ஜாவாஸ்கிரிப்ட் தேதியை ஜேசன் ஆக்கியதும் உலகப் பொது நேரத்தில் 03:30 என்று, மில்லிசெகண்டும் கடைசியில் ஒரு 'இசட்'டும் சேர்ந்து பதிவாகும். வேறு கண்டத்து சர்வரின் வரியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்த ஓர் எழுத்து போதும். வெவ்வேறு இடத்துப் பதிவுகளை நேரத்தால் இணைக்கும் வேலை இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. சுவாதித் திருநாள் 1837இல் நிறுவிய திருவனந்தபுரம் வானாய்வகத்தில் 1852 முதல் இருந்த ஜான் ஆலன் பிரவுன், அகத்தியமலை உச்சியிலும் ஓர் ஆய்வகம் அமைத்தார். காந்த ஊசி எவ்வளவு விலகுகிறது என்று கீழேயும் மேலேயும் பதிவு செய்தார்கள். இரண்டு இடத்துக் கணக்கும் சேர்ந்து 1874இல் லண்டனில் புத்தகமாக அச்சேறியது. அளவீடு எழுதிய நேரம் பிசகியிருந்தால், மலைக்கும் நகரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அதிலிருந்து யாராலும் எடுத்திருக்க முடியாது.

நம் லைப்ரரியில் நேரத்தைச் சொல்லி லாக்கை எடுக்கும் முறையும் அழகு. எங்கிருந்து என்பதற்கு 'மைனஸ் 1 டி', எதுவரை என்பதற்கு 'நவ்'. நேற்று இதே நேரம் தொடங்கி இந்த நொடிவரை நடந்ததற்குள் தேடும்; தேதிக் கணக்கு எதுவும் நாம் போட வேண்டியதில்லை.