இரு பியானோக்களும் ஒரு தப்பும்

விஜய் ஐயர், கிரெய்க் டாபோர்ன் என்னும் இரு ஜாஸ் கலைஞர்கள் 2018 மார்ச்சில் புடாபெஸ்ட் நகரின் பிரான்ஸ் லிஸ்ட் இசைக் கழக மண்டபத்தில், சபையோர் முன்னிலையில் இரண்டு பியானோக்களில் வாசித்தனர். அதன் ஒலிப்பதிவு ‘தி டிரான்சிட்டரி போயம்ஸ்’ என்ற பெயரில் 2019இல் வெளிவந்தது. நமுனுகுல மலைச்சாரலில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பவனுக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே.

ஐயர் தமிழ்ப் பெற்றோரின் மகன். 1971இல் அமெரிக்காவில் பிறந்தவர். ‘நம்மவர்’ என்ற பெருமைக்காக நான் இதை எழுதவில்லை. கல்வியைத் துணைகொண்டு கடல் கடந்த தமிழருக்கும், கங்காணியின் பின்னால் நடந்து வந்த எம் பாட்டன்மாருக்கும் இடையிலுள்ள தூரத்தை அவர் பெயரே சொல்லிவிடுகிறது. என்னை ஈர்த்தது வேறு.

உயர்தர வகுப்பு மாணவர் சிலருக்கு இப்பதிவைப் போட்டுக் காட்டினேன். ஒருவன் கேட்டான்: “சேர், தாளம் எங்கே?”

நல்ல விமரிசகன் கேட்க வேண்டிய கேள்வி அது. வழக்கமான ஜாஸில் ஒரு மெட்டு உண்டு. அதற்கொரு சுருதி உண்டு. முரசும் தந்தி வாத்தியமும் காலப்பிரமாணத்தைக் காத்து நிற்கும். இங்கே அவை இல்லை. இறுதியில் வரும் ஒரு மெட்டைத் தவிர யாவும் மேடையிலேயே பிறந்தவை. ஒருவர் சில சுரங்களை வைக்கிறார். மற்றவர் அவற்றின்மீது சாய்கிறார், அல்லது விலகி நடக்கிறார். ஆதார சுருதி இதுதான் என்று காது தீர்மானிக்கும் வேளையில் அது நழுவிவிடுகிறது. இடக்கை ஓரிடத்தில் நடையொன்றைப் பிடிக்கிறது. சற்றைக்கெல்லாம் அதுவும் கரைகிறது. சிறிது நேரத்தில் எந்தச் சுரம் எவருடையது என்பதே மறந்துபோகிறது. லயம் என்பது நடை, மூச்சு, உடலசைவு ஆகியவற்றோடு பிறப்பது என்று ஐயர் 1998இல் தமது பெர்க்லி ஆய்வேட்டில் வாதிட்டவர். ஆகவே தாளம் இல்லாமற் போகவில்லை. இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டு அதைத் தேடுகிறார்கள்.

இப்பதிவை அஞ்சலி இசை என்பர். ஜெரி ஆலன், முஹல் ரிச்சர்ட் ஏப்ரகாம்ஸ், ஓவியர் ஜாக் விட்டன், செசில் டெய்லர் ஆகியோருக்கு இதன் பகுதிகள் காணிக்கையாக்கப்பட்டுள்ளன. கறுப்பினக் கலைஞர்கள் பிறர் தயவை எதிர்பாராது தாமே அமைத்த சங்கமொன்றை 1965இல் சிக்காகோவில் நிறுவியவர்களுள் ஏப்ரகாம்ஸ் ஒருவர். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெய்லர் காலமானது 2018 ஏப்ரல் 5இல். கச்சேரி நடந்தபோது அவர் உயிரோடிருந்தார். எனவே தலைப்பைப் படித்துவிட்டு அப்பகுதியில் மரண ஓலம் கேட்பவர், இசையைக் கேட்கவில்லை; அட்டையைக் கேட்கிறார். பியானோவின் 88 கட்டைகளையும் பறைகளைப் போலக் கையாண்டவர் என்று சொல்லப்பட்ட மேதை டெய்லர். அவருக்குரிய பகுதியின் கனத்த முழக்கம் அவரது வீரியத்தைத்தான் நினைவூட்டுகிறது. (வேறு சில இடங்களில் செறிவே உணர்ச்சியாகிவிடும் என்று இருவரும் நம்பிவிட்டார்களோ என்ற ஐயமும் எனக்குண்டு.) துக்கம் இருப்பது தயக்கத்தில்: சுருதி வீடு திரும்ப மறுப்பதில், ஒருவர் நிறுத்த மற்றவர் காத்திருப்பதில்.

இறுதிப் பகுதியில்தான் ஜெரி ஆலன் இயற்றிய ‘வென் கபூயா டான்சஸ்’ என்னும் மெட்டு வருகிறது. அவர் 2017இல் மறைந்தவர். அதுவரை தேடப்பட்ட நடை அங்கே உறுதிப்பட்டு, அஞ்சலி ஆட்டமாகிறது.

இதைக் கேட்டபோது நான் நினைத்தது தப்பை. விடியற்காலையில் பிரட்டுக்கு ஆளழைத்ததும் தப்பு. பிணத்தின் முன்னே சென்றதும் தப்பு. காமன் கூத்தில் ரதி புலம்பும்போது உடன் நிற்பதும் தப்பு. ஒரே தோல், அடிதான் வேறு. அதனை விறகுத் தணலில் காய்ச்சிச் சுருதி கூட்டும் கைகளுக்குரிய நுட்பத்தை, பியானோ வாசிப்பவரின் நுட்பத்துக்குக் குறைந்தது என்று யார் அளந்தார்கள்? பள்ளி விழாவொன்றில் தப்பை மேடையேற்ற விரும்பியபோது, “அது சாவு மேளமல்லவா?” என்று ஒரு பெரியவர் முகம் சுளித்தார். சாவு அவருக்கு அருவருப்பல்ல. அடிப்பவரின் சாதியே அருவருப்பு.

தாளம் எங்கே என்று கேட்ட மாணவனின் தந்தை தப்படிப்பவர். வகுப்பில் அதை அவன் சொன்னதில்லை. கபூயாவின் ஆட்டம் தொடங்கியபோது அவன் விரல்கள் மேசையில் அடித்துக்கொண்டிருந்தன.

“இது சாவுக்கா, சேர், கலியாணத்துக்கா?” என்றான்.

நான் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே, அந்தப் பகுதியை இன்னுமொரு முறை போடச் சொன்னான்.