சுவர் உள்ளத்திலா, ஊரிலா?

போர் எங்கே பிறக்கிறது? மன்னரின் பேராசையிலே பிறக்கிறது என்றனர் வரலாற்றாசிரியர். சந்தைக்கு நடக்கும் போட்டியிலே பிறக்கிறது என்றனர் பொருள்நூல் வல்லார். எல்லாம் தலைவிதி என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டனர் வைதிகர். இரண்டாம் உலகப் பெரும்போரின் சாம்பல் ஆறுமுன்னர், 1945 நவம்பரில் இலண்டனில் கூடிய அறிஞர்கள் இன்னொரு விடையை எழுதி வைத்தனர். போர் மனிதரின் உள்ளத்திலே தோன்றுகிறது; ஆகவே அமைதிக்கான அரணையும் அவ்வுள்ளத்திலேயே எழுப்ப வேண்டும் என்பது அவ்விடை. யுனெஸ்கோ மன்றத்தின் சாசனத்துக்கு முகப்பாக அமைந்தது அக்கருத்து.

அழகிய கருத்துத்தான். ஆனால் அழகு கண்டு அடங்கிவிடுவது பகுத்தறிவாளரின் வழக்கமன்று. உள்ளத்தை ஆராய்ந்து அமைதிக்கு வழி காண முனைந்த உளநூலார் அன்று தொட்டு இன்றுவரை என்ன கண்டனர், எதைக் காணத் தவறினர், சாதியால் பிளந்து கிடக்கும் நம் நாட்டுக்கு அவர்தம் ஆராய்ச்சி எவ்வளவு பயன்படும் என்பதை எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நாட்டிலே இத்துறைக்குக் கால்கோள் இட்டவருள் ஒருவர் கார்ட்னர் மர்பி என்னும் அமெரிக்க உளநூலறிஞர். நாடு இரண்டாக வெட்டுண்டு, குருதி வெள்ளம் வடிந்து மூன்றாண்டுகள் கழிந்திருந்த நேரம். இந்திய அரசு கேட்க, யுனெஸ்கோ அவரை 1950 ஆம் ஆண்டு இங்கே அனுப்பியது. நம் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் இணைந்து, இந்து முஸ்லிம் பகையையும் சாதி வேற்றுமையையும் அகதிகளின் மனப்புண்ணையும் அவர் ஆராய்ந்தார். ‘மனிதர்தம் உள்ளங்களில்’ என்று பொருள்படும் தலைப்பிலே 1953 இல் அவர் நூல் வெளிவந்தது.

மர்பியின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அவர் ஏந்திய அளவுகோலைப் பற்றி ஐயமுண்டு. ‘சமுதாயப் பதற்றம்’ என்பதே அவ்வாராய்ச்சி முழுவதற்கும் சூட்டப்பட்ட பெயர். பதற்றம் என்ற சொல் இரு தரப்பையும் ஒரே தட்டில் நிறுத்திவிடுகிறது. கயிற்றின் இரு முனையையும் இருவர் இழுத்தால் கயிறு விறைக்கும், உண்மை. ஆனால் ஒருவன் கையிலே கயிறும், மற்றவன் கழுத்திலே சுருக்கும் இருக்குமானால், அதனையும் ‘பதற்றம்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது முறையாகுமா?

இதே குறையைப் புகழ்பெற்ற மற்றோர் ஆராய்ச்சியிலும் காணலாம். 1954 கோடையில், அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்திலே, முசாபர் செரிப் என்ற அறிஞர் ஏறத்தாழப் பதினொரு வயதுடைய 22 சிறுவர்களை ஒரு முகாமுக்கு அழைத்துச் சென்றார். ஒருவரையொருவர் முன்பின் அறியாத சிறுவர்கள். ஒரே நிறம், ஒரே சமயம், ஒத்த குடும்ப நிலை. அவர்களை இரு குழுவாகப் பிரித்து, ஒன்றையொன்று எதிர்த்துப் போட்டியிட வைத்தார். சில நாட்களுக்குள் ஏச்சு எழுந்தது. ஒரு குழுவின் கொடியை மறு குழு கொளுத்தியது. குடில் புகுந்து சூறையாடல் நடந்தது. பிறகு அவர்களை ஒன்றாக உண்ண வைத்தார். ஒன்றாகப் படம் பார்க்க வைத்தார். பகை தணியவில்லை, உணவை ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொண்டதுதான் மிச்சம். முகாமுக்கு வரும் தண்ணீர் தடைப்பட்டபோதும், சரக்கு வண்டி நகராமல் நின்றபோதும், இரு குழுவும் சேர்ந்தாலன்றி இயலாது என்ற நிலை வந்தது. அப்போதுதான் பகை கரையத் தொடங்கியது. முன்பு வடமிழுக்கும் போட்டிக்குப் பயன்பட்ட அதே வடத்தைக் கொண்டே அனைவரும் சேர்ந்து வண்டியை இழுத்தனர்.

இதில் நமக்கு ஒரு பெரும் பேறு உண்டு. பகை இரத்தத்திலே ஊறியது, பிறவியிலே வந்தது என்று பேசுவோரின் வாயை இது அடைத்துவிட்டது. இரண்டு பெயரும் ஒரு போட்டியும் போதும், ஒரே தன்மையுடைய பிள்ளைகளைப் பகைவர் ஆக்குவதற்கு. ஆக்க முடிந்ததை அகற்றவும் முடியும். வருணம் கடவுள் வகுத்தது என்போர் இதைப் படிக்க வேண்டும்.

ஆனால், அச்சிறுவரிடையே இருந்த பகை சமமானவர்களின் பகை. இரு குழுவுக்கும் ஒத்த குடில், ஒரே உணவு, ஒரே ஆடுகளம். ஒரு குழு மற்றதன் நிலத்திலே கூலிக்கு உழைக்கவில்லை. ஒரு குழு கிணற்றைத் தொட்டால் மற்றது தீட்டு என்று கூவவில்லை. நம் ஊரின் நிலை அதுவா?

எங்கள் புதுவையின் பழங்கதை ஒன்றைச் சொல்கிறேன். பின்னாளில் தலைமைத் துபாஷாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பிலே 1745 ஆம் ஆண்டு நிகழ்ச்சியாகப் பதிந்து வைத்திருப்பது இது. புதுவை மாதா கோவிலின் உள்ளே ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு புறம் தாழ்த்தப்பட்ட கிறித்தவர். மறுபுறம் சாதிக் கிறித்தவரும் வெள்ளையரும். கடவுள் ஒருவரே, ஆனால் அவரைக் காணும் இடம் இரண்டு! எங்களையும் எல்லாரையும் போல நடத்துங்கள் என்று தாழ்த்தப்பட்டோர் பாதிரியாரிடம் முறையிட்டனர். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர் சினந்தெழுந்தனர்.

இந்நிகழ்ச்சியை மர்பியின் அளவுகோலால் அளந்து பாருங்கள். சுவர் நின்றவரை ‘பதற்றம்’ இல்லை. பூசை அமைதியாக நடந்தது. ஒருவரும் குரல் எழுப்பவில்லை. சுவர் விழுந்த நாளில்தான் கூச்சல், குழப்பம், கொந்தளிப்பு. அப்படியானால் அமைதியைக் குலைத்தவர் யார்? சுவரை எழுப்பியவரா, இடிக்கச் சொன்னவரா? கூச்சலை மட்டும் கணக்கிடும் ஆராய்ச்சி, இடிக்கச் சொன்னவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும். வாய் மூடிக் கிடப்பது அமைதி அன்று, தோழர்களே! அது அச்சம். அச்சத்தை அமைதி என்று எழுதிக்கொள்ளும் அளவுகோல், யார் கையில் இருந்தாலும் ஆதிக்கத்துக்கே துணைபோகும்.

காரைக்காலுக்கு அண்மையில், நாகை வட்டாரத்துக் கீழ்வெண்மணியை எண்ணிப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 ஆம் நாள் இரவு, ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்து சாம்பலாயின. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அப்பகை உள்ளத்திலே மட்டுமா பிறந்தது? உழவுத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டனர், சங்கமாகச் சேர்ந்தனர், அந்தத் துணிவைப் பொறாத ஆதிக்கம் தீ வைத்தது. அளந்து போடும் நெல்லிலே தொடங்கியது அந்த வழக்கு. குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளரைப் பின்னர் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அப்போது நடந்தது நம் இயக்கத்தின் ஆட்சி, அண்ணாவே முதலமைச்சர். அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆட்சி மாறினாலும் நிலத்தின் ஆதிக்கம் மாறாவிடில் என்ன நேரும் என்பதற்கு அதனினும் கொடிய சான்று வேண்டுமா?

ஆகவே உளநூலே வேண்டாம் என்று தள்ளிவிடலாமா? கூடாது. நோயின் ஒரு பாதியைக் காணத் தவறினர் என்பதற்காக, மறு பாதியை அவர்கள் கண்டதை மறுக்கலாகாது. அண்மைக் காலத்தில் வந்துள்ள ஆராய்ச்சிகள் சில, முன்னோர் விட்ட குறையை நிரப்பவும் முனைந்துள்ளன.

கார்லா ஹாப், பிரியங்கா பாண்டே என்னும் இரு பொருளியலறிஞர் உத்தரப் பிரதேசச் சிற்றூர்களில் செய்த ஆய்வு 2004 இல் வெளிவந்தது. உயர்த்தப்பட்ட சாதியினர் 321 பேர், தாழ்த்தப்பட்டோர் 321 பேர். அனைவரும் நடுநிலைப் பள்ளி மாணவர். தாளிலே வரைந்த சிக்கல் வழிகளில் பாதை கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்து, விடுவித்தமைக்குக் காசும் தந்தனர். சாதியைச் சொல்லாதவரை இரு சாராரும் சமமாகவே விடுவித்தனர். பிறகு, மாணவர் நடுவே ஒவ்வொருவனுடைய பெயரையும் தந்தை பெயரையும் சாதியையும் உரக்கப் படித்தனர். அவ்வளவுதான்; தாழ்த்தப்பட்ட மாணவர்கள் பின்தங்கிவிட்டனர். அறிவு அதே அறிவு. கை அதே கை. புதிர் அதே புதிர். இடையிலே வந்து விழுந்தது ஒரே ஒரு சொல்!

இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. ஆசிரியப் பணியில் சேர்ந்த முதலாண்டில் நானும் அதையே செய்திருக்கிறேன். உதவித்தொகைப் படிவங்கள் வந்தன. “இந்தப் படிவம் வாங்க வேண்டியவர்கள் எழுந்து நில்லுங்கள்” என்று வகுப்பிலே கூறினேன். ஏழு பேர் எழுந்தனர். கணக்கிலே எப்போதும் முந்தி நிற்கும் மாணவன் ஒருவன் அவர்களுள் கடைசியாக எழுந்தான். தரையைப் பார்த்தபடி நின்றான். அடுத்த பாடவேளையில் கரும்பலகைக்கு வந்து கணக்கைப் போட அழைத்தேன். “தெரியாது சார்” என்றான். தெரியும் அவனுக்கு, எனக்கும் அது தெரியும். சோம்பல் என்று எண்ணிக் கடிந்துகொண்டேன். சாதியை நான் வாயால் சொல்லவில்லை; எழுந்து நிற்கச் சொன்னேன். சொன்னதற்கும் செய்ததற்கும் என்ன வேறுபாடு?

2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட மாணவன் ஒருவன் உடன்படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதன் பின்னர்த் தமிழ்நாட்டு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 சூனில் தன் அறிக்கையைத் தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி நீங்க வேண்டும். சாதி காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டலாகாது. வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு இருக்கலாகாது. உதவித்தொகைச் செய்தியை வகுப்பிலே அறிவிக்காமல் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. கயிற்றை அறுத்தால் சாதி அறுமா என்று நகைத்தோர் உண்டு. அவர்களுக்கு விடை அந்த 642 மாணவர்களிடம் இருக்கிறது.

இங்கே ஒரு பெருமிதமும் நமக்கு உண்டு. 1929 இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னே ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பட்டத்தைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தது. பெயரை வெட்டினால் பேதம் போகுமா என்று அன்றும் நகைத்தனர். பெயரோடு சாதி ஒலிக்கும்போது ஒரு சிறுவனின் திறன் ஒடுங்குகிறது என்பதை ஆராய்ச்சி அளந்து காட்டியது 75 ஆண்டுகள் கழித்து. பெரியாருக்கு அளவுகோல் தேவைப்படவில்லை. அவமதிக்கப்பட்டவரின் முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டார்.

ஒன்றாகப் பழகவிட்டால் போதும், வேற்றுமை மறையும் என்போரும் உளர். ஆண்டுக்கொரு நாள் சமபந்தி விருந்து நடத்திவிட்டுச் சாதி ஒழிந்தது என்று அறிக்கை விடுவோர் அவர்கள். பழக்கம் பயன் தர வேண்டுமாயின் அங்கே நிலையில் சமத்துவமும், பொதுக் குறிக்கோளும், கூட்டு முயற்சியும், ஆள்வோரின் ஆதரவும் வேண்டும் என்று கார்டன் ஆல்போர்ட் 1954 இலேயே எழுதினார். மேத்யூ லோ என்பவர் உத்தரப் பிரதேசத்தில் பல சாதிகளைச் சேர்ந்த இளைஞர் 1,261 பேரைக் கொண்டு கிரிக்கெட் ஆட்டங்கள் நடத்தி ஆராய்ந்து, முடிவுகளை 2021 இல் வெளியிட்டார். ஒரே அணியில் சேர்ந்து ஆடியோரிடையே சாதி கடந்த நட்பு வளர்ந்தது. எதிரணியில் நின்று மோதியோரிடையே உறவு பெரும்பாலும் குறைந்தது. பழக்கம் என்பது பொதுச்சொல். எந்த நிலையில் பழகினர் என்பதே கேள்வி. பண்ணையாரும் பண்ணையாளும் தலைமுறை தலைமுறையாகப் பழகித்தானே வந்தனர்! அதனால் வளர்ந்தது அன்பா?

தென் மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்ட நாட்களில், 1997 இல், கலைஞரின் அரசு அறிவித்த பெரியார் நினைவு சமத்துவபுரம் இந்த உண்மையை உணர்ந்து எழுந்த திட்டம். ஓரூரில் 100 வீடுகள். தாழ்த்தப்பட்டோருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றையோருக்கு 10. ஊர் வேறு, சேரி வேறு என்ற பழைய கோட்டை அழித்து வரைந்த வரைபடம் அது. ஆனால் நம் திட்டம் என்பதால் கேள்வி கேளாமல் விடுவதும் அறமாகாது. வீடுகள் ஒரே வரிசையில் நின்றால் போதுமா? காலையில் வேலைக்குப் போகும் வயல் யாருடையது? மாலையில் பெண் கேட்டுப் போகும் வாசல் எது? அவ்வூர்த் தெருக்களில் உளநூலார் அளந்து காண வேண்டியவை இவை.

தலைப்பிலே கேட்ட கேள்விக்கு வருகிறேன். சுவர் ஊரிலும் இருக்கிறது, உள்ளத்திலும் இருக்கிறது. ஊரில் எழுந்த சுவர்தான் உள்ளத்திலே நிழலாக விழுந்தது. நிழலை அளந்தனர் உளநூலார்; நன்றாகவே அளந்தனர். நிழலை மட்டும் துடைத்தால் போதும் என்று எவரேனும் சொன்னால், அதை மறுப்பது நம் கடமை. நிலமும் கூலியும் கல்வியும் சுடுகாடும் சமமாகும்போதுதான் உள்ளங்கள் உடன்படும். அதுவரை ‘அமைதி, அமைதி’ என்று கேட்போரிடம், யாருடைய அமைதி என்று நாம் திருப்பிக் கேட்போம்.

இப்போதெல்லாம் படிவங்களைத் தனித்தனியே அழைத்துக் கொடுக்கிறேன். அந்த மாணவன் இரு மாதம் கழித்துத்தான் மீண்டும் கரும்பலகைக்கு வந்தான். எழுந்து நில் என்று நான் சொன்னது ஒரு நொடி. அதை மறக்க அவனுக்கு இரு மாதம் ஆயிற்று. இரண்டாயிரம் ஆண்டுகளாக எழுந்து நிற்க வைக்கப்பட்டவர்களுக்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதை, ஆசிரியத் தோழர்களே, நாளை வகுப்புக்குள் நுழையுமுன் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.