அருங்காட்சியக எழுத்தில் அடைமொழிகள்

அருங்காட்சியகப் பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதப்பெறும் கையேடுகளும் விளக்கப் பலகைகளும் கட்டுரைகளும் இந்நாளில் பெருகியுள்ளன. அவற்றின் நடையை நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். 'அழகிய', 'அரிய', 'பழமையான', 'கண்ணைக் கவரும்', 'கலைநயம் மிக்க' என்னும் ஐந்தாறு சொற்களே எல்லாப் பொருள்களுக்கும் மாறி மாறி அடையாக வருகின்றன. அமராவதிச் சுண்ணக்கற் சிற்பமும் அழகியது. ஆதிச்சநல்லூர்ப் பொற்பட்டமும் அழகியது. சோழர் காலச் செப்புத் திருமேனியும் அழகியதே. இவ்வடைகள் பொய்யல்ல. ஆயினும், ஒன்றினின்று மற்றொன்றை வேறுபடுத்தாத அடையால் பயன் யாது என்பதே ஈண்டு யாம் ஆராயக் கருதுவது.

இவ்வினாவிற்கு விடை நம் இலக்கணத்திலேயே உளது. இனத்தைச் சுட்டாத பண்படை உலக வழக்கிற்கு உரியதன்று, செய்யுளுக்கே உரியது என்பது தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் வகுத்த நெறி. 'செந்தாமரை' என்புழிச் செம்மை வெண்டாமரையை விலக்குகிறது. 'செஞ்ஞாயிறு' என்புழிச் செம்மை எதனையும் விலக்கவில்லை. ஆதலின் அது செய்யுளாறு. விளக்கப் பலகை செய்யுள் அன்று. 'அருங்காட்சியகம்' என்னும் பெயரிலேயே அருமை அடங்கியிருத்தலின், ஆண்டுள்ள பொருளை 'அரிய பொருள்' என்பது எவ்வினத்தையும் விலக்காத வெற்றடையேயாம்.

கல்லாத மக்கள் இந்நெறியை இயல்பாகவே போற்றினர் என்பது வியப்பிற்குரியது. 1851-இல் தோன்றிய சென்னை அருங்காட்சியகத்தை மக்கள் 'செத்த காலேஜ்' என்றும், 1855-இல் அவ்வளாகத்திலேயே தொடங்கிப் பின்னர் வேறிடம் பெயர்ந்த விலங்குக்காட்சிச் சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் வழங்கினர். நகைப்பிற்குரிய வழக்கெனப் புலவர் இதனைத் தள்ளலாம். எனினும், 'செத்த' என்பது 'உயிர்' என்பதனை விலக்கி நிற்கும் இனச்சுட்டுள்ள அடை. 'அழகிய' என்னும் அடை செய்யாத தொழிலை இது செய்கிறது.

இனி, கல்வெட்டுக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்தார் திருமேனிகளைப் பதிவு செய்த முறை நம் எழுத்தாளர்க்குச் சிறந்த பாடமாகும். பாதாதிகேசாந்தம் எத்தனை முழம், எத்தனை விரல் என்று உயரம் கூறுவர். கை எத்தனை என்பர். கனமாக வார்த்ததா, பொள்ளலாகச் செய்ததா என்பர். பீடத்தையும் தனியே அளப்பர். முத்துகளைக் கூறுமிடத்து வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என வகைப்படுத்துவர். 'அழகிய முத்து' என்று எழுதியிருப்பின், கோயிற் பண்டாரத்தில் ஒரு முத்து மாறியதையும் பின்வந்தோர் அறிந்திருக்க இயலாது. அடைமொழி அவர்க்குக் கணக்கு. அக்கணக்கே காவலும் ஆயிற்று.

அடையேயன்றிப் பெயரும் ஆராய்ந்து கொள்ளத்தக்கது. 'சிலை' என்னும் சொல் கல்லைக் குறித்துப் பின் உருவத்திற்கு ஆயிற்று. 'படிமம்' உருவத்தை மட்டும் கூறும். 'திருமேனி' வழிபாட்டை உடன் கூறும். மூன்றும் ஒன்றல்ல. அவ்வாறே, ஆதிச்சநல்லூர்த் தாழியைப் 'பெரிய மண்பானை' என்றெழுதினால் புறநானூற்று 256-ஆம் பாட்டு வழங்கும் 'ஈமத்தாழி' என்னும் சொல்லையும் அதன் பயனையும் ஒருங்கே இழக்கிறோம். சென்னையிலுள்ள திருவாலங்காட்டு ஆடவல்லானைத் 'திருவாசி இல்லாத' என்பது கண்டது கூறல். 'திருவாசி இழந்த' என்பது வரலாறு கூறல். பின்னதற்குச் சான்று வேண்டும்.

இங்ஙனம் எழுதின் நடை வறண்டுபோம், காண வந்தோர் உள்ளம் தளிர்க்காது என்று கூறுவாருமுளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. காண்பார் வியப்புறவே அருங்காட்சியகம் நாடி வருகின்றனர். ஆனால் 'வியத்தகு' என்னும் சொல் வியப்பைத் தாராது. ஊன்றிய வலக்காலின்கீழ் முயலகன் கிடப்பதையும், தூக்கிய இடக்காலுக்கு ஈடாக உடல் நிலைகொள்வதையும் கூறினால், காண்பான் கண் அவ்விடம் செல்லும். வியப்பு அவனிடத்தே தோன்றும்.

இஃது வெறும் நடைச் சிக்கல் அன்று. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலினின்று களவுபோன ஆடவல்லான் திருமேனி ஆசுத்திரேலிய நாட்டுக் கலைக்கூடத்தில் இருந்தமை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய ஒளிப்படங்களோடு ஒப்பிட்டு அறியப்பெற்று, 2014-இல் அது இந்தியாவிற்கு மீண்டது. ஒளிப்படம் எடுக்கப்பெறாத திருமேனிகளுக்கு எழுத்தே சான்று. 'பழமையும் அழகும் வாய்ந்த நடராசர் சிலை' என்னும் குறிப்பு நூறு திருமேனிகளுக்குப் பொருந்தும். ஆதலின் ஒன்றையும் அது மீட்டுத் தாராது.

எனவே, இத்துறையில் எழுதப் புகும் மாணவர் பொருளின் பெயர், ஆக்கப்பட்ட பொருள், அளவு, நிலை, கிடைத்த இடம் என்பவற்றை முதற்கண் எழுதுக. அதன்பின் ஒவ்வோர் அடையையும் 'இஃது எதனை விலக்குகிறது?' என்று வினவுக. விடை கிடையாத அடையை நீக்குக. எஞ்சி நிற்பவை சிலவேயாயினும், பொருளை நேரிற் காணாதாரும் அதனை இன்னதென்று அறிய அவை போதுமானவை.