தரச்சான்று எதற்கு என்று கேட்ட கட்டுரை: ஒரு மறுவாசிப்பு

2019 பிப்ரவரியில் ஓஷன்கேட் நிறுவனம் தன் தளத்தில் ஒரு சின்னக் கட்டுரை போட்டது. தங்கள் டைட்டன் நீர்மூழ்கிக்கு ஏன் தரச்சான்று வாங்கவில்லை என்பதற்கான விளக்கம் அது. நாலு வருஷம் கழித்து, 2023 ஜூன் 18 அன்று, டைட்டானிக்கைப் பார்க்கக் கிளம்பிய டைட்டன் வட அட்லாண்டிக்கில் உள்நோக்கி நொறுங்கியது. நிறுவனத் தலைவர் ஸ்டாக்டன் ரஷ் உட்பட உள்ளே இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள்.

விபத்தைப் பற்றி நிறையப் பேசியாச்சு. அந்தக் கட்டுரையை மட்டும் தனியாக எடுத்துப் படிக்கணும்னு எனக்குத் தோன்றியது. ஏன்னா அதிலுள்ள வாதங்கள் முட்டாள்தனமானவை இல்லை. நாமே வேறு விஷயங்களில் தலையாட்டிக் கேட்டுக்கொள்ளும் வாதங்கள்தான்.

முதல் வாதம்: கடல் விபத்துகளில் பெரும்பாலானவை இயக்குபவரின் தவறால் நடப்பவை, இயந்திரக் கோளாறால் அல்ல. தரச்சான்று இயந்திரத்தைத்தான் பார்க்கிறது. ஆகவே அது மட்டும் பாதுகாப்பைத் தராது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இயந்திரக் கோளாறு ஏன் குறைவாக இருக்கிறது என்ற கேள்வியைக் கட்டுரை கேட்கவே இல்லை. வரைபடத்தைச் சரிபார்ப்பது, உலோகத் துண்டை உடைத்துப் பார்ப்பது, போகவேண்டிய ஆழத்தைவிட அதிக அழுத்தத்தில் கூட்டை வைத்துப் பார்ப்பது, பிறகு ஆண்டுதோறும் பரிசோதிப்பது என்று இத்தனையும் நடப்பதால்தான் குறைவு. அம்மை ஊசி போட்ட ஊரில் அம்மை வரவில்லை, அதனால் ஊசி வேண்டாம் என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லணும். இந்த வாதத்தின் ஒரு பாதி உண்மை. சான்றிதழ் இருந்தால் மட்டும் இயக்குபவர் ஒழுங்காக நடப்பார் என்று சொல்ல முடியாது. 2025 ஆகஸ்டில் வந்த அமெரிக்கக் கடலோரக் காவல்படை அறிக்கையும் நிறுவனத்தின் பாதுகாப்புப் பழக்கங்களைத்தான் முக்கியமாகக் குறை சொல்கிறது. தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்றும் சொல்கிறது. அதாவது, கட்டுரை எந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டியதோ அதையே எழுதியவர்கள் செய்திருக்கிறார்கள்.

இரண்டாவது வாதம்: புதுமை வேகமாக நடக்கிறது; ஒவ்வொரு புதுமையையும் வெளி அமைப்புக்குப் புரியவைத்துவிட்டுத்தான் களச் சோதனைக்குப் போகணும் என்றால் வேலை நடக்காது.

இதற்குப் பதில் அதே 2019லேயே கிடைத்துவிட்டது. ட்ரைட்டன் நிறுவனம் கட்டிய லிமிட்டிங் ஃபேக்டர் என்ற நீர்மூழ்கி, ஏப்ரல் மாதம் விக்டர் வெஸ்கோவோவுடன் மரியானா அகழியின் அடியைத் தொட்டது. கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர். டைட்டானிக் கிடக்கும் 3,800 மீட்டரைப் போல மூணு மடங்கு ஆழம். திரும்பத் திரும்ப அங்கே போய்வரும்படி கட்டப்பட்ட அது புதுமை இல்லாமல் வேறென்ன? ஆனால் அதற்குச் சான்று இருந்தது. அதன் டைட்டானியம் கோளத்தை ரஷ்யாவில் ஓர் அழுத்தக் கலத்தில் வைத்து, அகழியின் அடியில் இருப்பதைவிட அதிகமான அழுத்தத்தில் சோதித்த பிறகுதான் மனிதர் ஏறினார்.

இங்கேதான் கட்டுரையின் அடிப்படைச் சிக்கல் எனக்குத் தெரிகிறது. 'சோதனை' என்ற சொல்லை அது இரண்டு அர்த்தத்தில் ஓட்டுகிறது. பொறியியலில் சோதனை என்றால், தோற்க அனுமதியுள்ள இடம். உடையட்டும் என்றே அழுத்துவோம். எங்கே உடைகிறது என்று குறித்துக்கொள்வோம். அதனால் அங்கே ஆள் இருக்கக் கூடாது. ஆளை உட்காரவைத்து இறக்கினால் அது பயன்பாடு, 'களச் சோதனை' என்று பெயர் வைத்தாலும்.

டைட்டனின் நடுப்பகுதி கார்பன் இழை உருளை. இழுவிசையைத் தாங்குவதில் கார்பன் இழை கெட்டி. ஆழ்கடலில் வருவதோ அமுக்குவிசை. 3,800 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறக்குறைய 390 கிலோ எடை. ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் அடுக்குகளுக்கிடையே கொஞ்சம் கொஞ்சமாகச் சேதம் சேரலாம். எத்தனை முறை தாங்கும்? தெரிந்துகொள்ள ஒரே வழி, ஆளில்லாமல் பல தடவை அழுத்திப் பார்ப்பது. அதே 2019ல் அவர்களின் முதல் உருளையில் விரிசல் கண்டு, வேறு உருளை செய்யவேண்டி வந்தது.

மூன்றாவது வாதம்: எங்கள் கூட்டில் ஒலியையும் விகாரத்தையும் அளக்கும் உணரிகள் இருக்கின்றன, நேரடியாகக் கண்காணிக்கிறோம்.

டயர் வெடிக்கிற சத்தம் கேட்டதும் டயரை மாற்றிவிடலாம் என்பது மாதிரி இது. கூடு நொறுங்க ஒரு விநாடிகூட ஆகாது. மேலே ஏற மணிக்கணக்கில் ஆகும். சரி, எச்சரிக்கை முன்கூட்டியே வந்தது என்றே வைத்துக்கொள்வோம். உண்மையிலேயே வந்ததே! 2022 ஜூலை 15 அன்று, எண்பதாவது பயணத்தில், மேலே வந்த டைட்டனில் பெரிய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு விகார அளவுகள் மாறியதை அவர்களுடைய உணரிகளே பதிவு செய்தன. ஆனாலும் பயணங்கள் தொடர்ந்தன. குளிர்காலம் முழுக்க டைட்டன் கனடாவில் வெட்டவெளியில் கிடந்தது. கருவி பேசியது, அதைக் கேட்டு 'நிறுத்து' என்று சொல்ல அதிகாரமுள்ள வெளியாள் யாருமில்லை. தரச்சான்று என்பது அடிப்படையில் அந்த வெளியாள்தான்.

உள்ளேயிருந்து சொன்னவர் இருந்தார். செயல்பாட்டு இயக்குநராக இருந்த டேவிட் லாக்ரிட்ஜ் 2018 ஜனவரியில் கூட்டின் தரம் பற்றி எழுதிக்கொடுத்தார், வேலை போனது. அதே ஆண்டு மார்ச்சில் துறை வல்லுநர்கள் பலர் சேர்ந்து கவலை தெரிவித்து ஒரு கடிதம் எழுதினார்கள். அடுத்த ஆண்டு வந்த கட்டுரையை இந்தப் பின்னணியில் படித்தால், அது விளக்கமாகத் தெரியவில்லை. பதில் சொல்லாமல் நழுவுவதாகத்தான் தெரிகிறது.

நமக்கு ஏன் இது முக்கியம்? சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், மூன்று பேரை 6,000 மீட்டருக்குக் கொண்டுபோக மத்ஸ்யா 6000 கட்டிவருகிறது. 2021 அக்டோபரில் வங்கக் கடலில் ஓர் எஃகுக் கோளத்தை 600 மீட்டர் வரை இறக்கிப் பார்த்தார்கள். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில், ஆழமே இல்லாத நீரில், வாகனத்தை மூழ்கவைத்துச் சோதித்தார்கள். இந்தச் செய்திகளின் கீழே, 'இன்னும் துறைமுகத்தைத் தாண்டலையா?' என்ற கிண்டல் சுலபமாக வரும். அரசுப் பணம், கேட்கிற உரிமை நமக்கு உண்டு. ஆனால் கேட்கவேண்டிய கேள்விகள் வேற: கோளத்தை எந்த அழுத்தம் வரை சோதித்தார்கள்? எத்தனை தடவை? யார் சான்று தந்தார்கள்? முடிவுகளை வெளியிடுவார்களா?

இதற்கெல்லாம் பதில் வரும்வரை, தேதி தள்ளிப்போனால் போகட்டும்.