மாறி ஏறும் கணக்கு

வடசென்னையில் ஒரு பஸ் ஸ்டாப். காலை எட்டரை மணி. பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் கையில் ஸ்கேன் ரிப்போர்ட் கவர். அடையாறில் டாக்டரைப் பார்க்கணுமாம். அடுத்தடுத்து மூன்று பஸ்கள் வந்தன. மூன்றும் பாதி வழி போகும். அங்கே இறங்கினால் அடையாறுக்கு நிறைய பஸ் உண்டு. பெரியவர் அசையவே இல்லை.

“ஐயா, இதுல ஏறிப் பாதியில மாறிக்கலாமே?” என்றேன், ஏதோ பெரிய உதவி செய்கிற தோரணையில்.

மேலும் கீழும் பார்த்தார். “இங்க ஏறினா உட்கார எடம் கெடைக்கும் தம்பி. பாதி வழியில ஏறினா எவன் எழுந்து எடம் தருவான்?”

அன்றைக்கு என் பையில் இருந்த புத்தகம் பெரியவருக்கு நேர் எதிர்க்கட்சி. பெயர் ‘ஹியூமன் டிரான்சிட்’. எழுதியவர் ஜாரெட் வாக்கர் என்ற அமெரிக்கப் போக்குவரத்து ஆலோசகர். 2011-ல் வந்த புத்தகம், 2024-ல் திருத்திய பதிப்பும் வந்துவிட்டது. ஊர் ஊராகப் போய் பஸ் ரூட்களைத் திருத்தி வரைந்து கொடுப்பது அவர் தொழில். 2015 ஆகஸ்டில் ஹூஸ்டன் நகரம் ஒரே ராத்திரியில் தன் பஸ் ரூட்களை மாற்றிப் போட்டதே, அதில் அவருக்கும் பங்கு உண்டு.

வாக்கர் சொல்வதன் சாரம் இது: எல்லா இடத்திலிருந்தும் எல்லா இடத்துக்கும் நேர் பஸ் விட ஆசைப்பட்டால், எந்த பஸ்ஸும் அடிக்கடி வராது. ரூட்களைக் குறைத்து, பஸ்களை அடிக்கடி விட்டு, நடுவில் மாறி ஏறச் சொன்னால் மொத்தத்தில் எல்லோருக்கும் லாபம்.

சும்மா சொல்லக்கூடாது, கணக்கு சரியாகத்தான் வருகிறது. நீங்களே போட்டுப் பாருங்கள். ஊரின் வடக்கே நாலு பேட்டை, தெற்கே ஜனங்கள் போக வேண்டிய நாலு இடம். எல்லாவற்றுக்கும் நேர் பஸ் என்றால் 16 ரூட். நம்மிடம் இருப்பது 32 பஸ், ஆக ரூட்டுக்கு இரண்டு. போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான். சராசரியாக 30 நிமிஷம் காத்திருந்து 60 நிமிஷம் பயணம். மொத்தம் 90.

இப்போது நடுவில் ஒரு பஸ் ஸ்டாண்ட் வையுங்கள். எட்டே ரூட், ஒவ்வொன்றும் அரை மணி தூரம். அதே 32 பஸ்ஸில் ரூட்டுக்கு நாலு கிடைக்கும். 15 நிமிஷத்துக்கு ஒரு பஸ். இரண்டு தடவை காத்திருந்தாலும் சராசரியாக 15 நிமிஷம்தான். பயணம் அதே 60. மொத்தம் 75. ஒரு பஸ்கூட புதிதாக வாங்காமல் கால் மணி நேரம் மிச்சம்!

அப்புறம் ஏன் பெரியவர் அசையவில்லை? இதை விட மனசில்லாமல், ஒரு வாரம் பஸ் ஸ்டாப்புகளில் பக்கத்தில் நிற்பவர்களிடம் எல்லாம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன்.

துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண் சிரித்தார். “எனக்கு டிக்கெட்டே இல்ல சார். ரெண்டு மாறினா என்ன, மூணு மாறினா என்ன? மொதல்ல வர்ற பஸ்ல ஏறிடுவேன்.” 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசம் அல்லவா? இரண்டாவது டிக்கெட் என்ற தடை போனதும், மாறி ஏறுவதில் இருந்த கசப்பும் இவருக்குப் போய்விட்டது.

அவர் பக்கத்தில் நின்ற எலெக்ட்ரீஷியன் முகம் சுளித்தார். “எங்களுக்கு அப்படியா? ரெண்டு பஸ்னா ரெண்டு டிக்கெட்.” நம் ஸ்டேஜ் கணக்கில் முதல் ஸ்டேஜுக்கே குறைந்தபட்சக் கட்டணம். நடுவில் இறங்கி ஏறினால் பயணம் புதிதாக ஆரம்பித்த மாதிரி மறுபடி அதையே கட்டணும். தூரம் அதேதான், காசு மட்டும் கூட.

ஒரு நர்ஸ் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. “காலையில டூட்டிக்குப் போறப்ப மாறித்தான் போவேன். ராத்திரி பத்து மணிக்கு மட்டும் எவ்வளவு நேரமானாலும் நேர் பஸ்தான்.” ஆள் ஒருத்தர், பாதை ஒன்று, கருத்து இரண்டு! அப்படியென்றால் இது குணத்தைப் பற்றிய விஷயம் இல்லை. மாறுகிற இடம் எப்படி இருக்கிறது, அங்கே விளக்கு இருக்கிறதா, அடுத்த பஸ் வருமா என்பதைப் பற்றிய விஷயம்.

காமர்ஸ் வகுப்பில் முதல் பாடமே இதுதான்: ஒரு பக்கம் எழுதினால் இன்னொரு பக்கமும் எழுதியாக வேண்டும். நேர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவுடன் என்னை ஊர் சேர்க்கும் பொறுப்பு டிரைவருக்கு வந்துவிடுகிறது. டிராஃபிக் ஜாமோ மழையோ, அது அவர் பாடு. பாதியில் இறக்கிவிட்டால் அந்தப் பொறுப்பு மறுபடி என் தலையில். அடுத்த பஸ் வருமா, வந்தாலும் ஸ்டாப்பில் நிற்குமா, நின்றாலும் ஏற முடியுமா, எல்லாம் என் பாடு. போக்குவரத்துக் கழகத்தின் கணக்கில் டீசல் மிச்சம், வண்டி மிச்சம். அந்த மிச்சத்தின் மறுபக்கம் பயணி பெயரில் பற்று எழுதப்படுகிறது. செலவு குறையவில்லை சார், பேரேட்டில் பக்கம் மாறியிருக்கிறது!

இதற்குப் பெரிய உதாரணம் கிளாம்பாக்கம். 2002-ல் திறந்த கோயம்பேடு பஸ் ஸ்டாண்டுக்கு நேராக வந்துகொண்டிருந்த தென்மாவட்ட பஸ்கள், 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் திறக்கப்பட்ட பிறகு படிப்படியாக அங்கே மாறின. நகருக்குள் நெரிசல் குறையணும் என்ற காரணம் நியாயமானது. வெளியூர் பஸ் எல்லாம் ஊர் நடுவே வந்துதான் தீரணும் என்று யாரும் அடம்பிடிக்க முடியாது. ஆனால் திறந்த அன்று மெட்ரோ விமான நிலையத்தோடு நின்றிருந்தது. பக்கத்தில் ரயில் நிலையமும் தயாராகவில்லை. மதுரையிலிருந்து விடிகாலை நாலு மணிக்கு வந்து இறங்கும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா தலையில் அரிசி மூட்டை, அம்மா இடுப்பில் தூங்கும் குழந்தை. மாநகர பஸ் எங்கே நிற்கிறது என்று தேடுகிறவரிடம் ஆட்டோக்காரர் ஒரு தொகை சொல்கிறார். ஊரிலிருந்து சென்னை வந்த செலவைவிட, கிளாம்பாக்கத்திலிருந்து வீடு வந்த செலவு வலிக்கிறது என்று அப்போது பலரும் புலம்பினார்கள். நெரிசல் குறைந்த லாபம் நகரத்துக்கு, மாறி ஏறும் செலவு அந்தக் குடும்பத்துக்கு.

அதற்காக வாக்கரைத் திட்ட வேண்டாம். மாறி ஏறுகிறவரிடம் கூடுதல் கட்டணம் வாங்குவது முட்டாள்தனம் என்று அவரே சொல்கிறார். மாறும் இடம் நன்றாக இருக்கணும், அடுத்த வண்டி சீக்கிரம் வரணும் என்றும் சொல்கிறார். ‘டிரான்ஸ்ஃபர்’ என்ற சொல்லைவிட ‘கனெக்ஷன்’ என்பதையே அவர் விரும்புகிறார். நம்ம ஊரில் டிரான்ஸ்ஃபர் என்றால் தண்ணியில்லாக் காடுதானே ஞாபகம் வரும்! புத்தகத்தில் எனக்குள்ள குறை ஒன்றுதான். பெரியவருடைய அந்த சீட்டுக்கு அதன் கணக்கில் போதிய இடம் இல்லை. உட்கார்ந்து போகிற 60 நிமிஷமும், படிக்கட்டில் ஒற்றைக்காலில் நிற்கிற 30 நிமிஷமும் கடிகாரத்துக்கு வேண்டுமானால் வெறும் நிமிஷங்களாக இருக்கலாம். முட்டி வலிக்காரருக்கு அப்படி இல்லை.

நம்மிடம் உள்ள கோளாறு வேறு. வாக்கர் வாதத்தின் முதல் பாதி மட்டும் இங்கே சுலபமாக நடந்துவிடுகிறது. ரூட்டைச் சுருக்கு, கட் சர்வீஸ் விடு, இறங்கி ஏறச் சொல். காசு செலவாகிற இரண்டாவது பாதி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு பாதியையும் சேர்த்துச் செய்த ஊர் இருக்கிறது. தென்கொரியாவின் சியோல், 2004 ஜூலை 1 அன்று பஸ் ரூட்களை மொத்தமாக மாற்றி, பஸ்களுக்கு நாலு நிறம் பிரித்துக் கொடுத்தது. கையோடு கட்டணத்தையும் மாற்றியது. பஸ்ஸிலிருந்து பஸ்ஸுக்கோ மெட்ரோவுக்கோ மாறினால் மறுபடி அடிப்படைக் கட்டணம் கிடையாது. மொத்த தூரத்துக்குத்தான் காசு. முதல் நாட்களில் கார்டு மெஷின்கள் படுத்து, ஊரே குழம்பி, மேயர் லீ மியூங் பாக் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் திட்டம் நிலைத்தது. மேயர் பிறகு அந்த நாட்டுக்கே ஜனாதிபதி ஆனார். பஸ் மாறச் சொன்னால் ஓட்டுப் போய்விடும் என்று பயப்படும் அரசியல்வாதிகள் கவனிக்க!

சென்னையிலும் 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ ஆப் வந்தது. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட். நல்ல ஆரம்பம். டிக்கெட் ஒன்றானது போலக் கட்டணமும் ஒன்றாகட்டும். மாறும் இடத்தில் ஒரு நிழற்குடை, ஒரு விளக்கு, சுத்தமான ஒரு கழிப்பறை, நம்பகமாகப் பத்து நிமிஷத்தில் அடுத்த பஸ். இவ்வளவும் கொடுத்த பிறகும் ஜனங்கள் மாறி ஏற மாட்டேன் என்றால், அப்போது அவர்களைக் குறை சொல்லுங்கள்.

அது சரி, பெரியவர் என்ன ஆனார் என்கிறீர்களா? அவர் காத்திருந்த நேர் பஸ் கடைசியில் வந்தது. ஜன்னலோர சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த ஸ்டாப்பிலேயே தூங்கிப்போனார்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அதே பஸ்ஸுக்குத்தான் காத்திருந்தேன். சீட் கிடைக்கவில்லை. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பை. புத்தகத்தை எடுத்துப் புரட்டக்கூட கை இல்லை.