இருப்பதும் அகப்படுவதும்

தட்டில் பான்கேக் அடுக்கு ஒன்று. பெரிதும் சிறிதுமாகத் தாறுமாறாகக் கிடக்கிறது. தோசைத்திருப்பியை நடுவில் எங்காவது செருகி, அதற்கு மேலே உள்ளதை மொத்தமாகக் கவிழ்க்கலாம். வேறு எதுவும் செய்யக்கூடாது. பெரியது அடியிலும் சிறியது உச்சியிலும் வர எத்தனை தடவை கவிழ்க்க வேண்டும்? 1975இல் கணித அறிஞர் ஜேக்கப் குட்மன் இந்தப் புதிரை 'ஹாரி ட்வெய்ட்டர்' என்ற புனைபெயரில் போட்டார். பெயரைச் சேர்த்து வேகமாகச் சொன்னால் 'ஹாரீட் வெய்ட்டர்' என்று கேட்கும். அதாவது, அல்லாடும் சர்வர்!

நேர்வழி எல்லோருக்கும் தெரியும். பெரியதை உச்சிக்குக் கொண்டுவர ஒரு கவிழ்ப்பு, அடிக்கு அனுப்ப இன்னொன்று. 100 பான்கேக்குக்கு 197 கவிழ்ப்பில் வேலை முடியும். 1979இல் வெளிவந்த ஒரு கட்டுரை 168 போதும் என்றது. எழுதியவர்கள் இருவர். ஒருவர் ஹார்வர்டு மாணவராக இருந்த பில் கேட்ஸ். மற்றவர் அங்கே இளம் ஆசிரியராக இருந்த கிறிஸ்டோஸ் பாப்பாதிமித்ரியு. அந்த எல்லையை இன்னும் கீழே இறக்க உலகத்துக்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன.

அடுக்கை ஒழுங்குபடுத்த முடியும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எவ்வளவு பாடுபட்டால் முடியும் என்பதுதான் கேள்வி. பாப்பாதிமித்ரியுவின் வாழ்நாள் உழைப்பு முழுவதையும் இந்தக் கேள்விக்குள் அடக்கிவிடலாம். 1949இல் ஏதென்ஸில் பிறந்து, அங்கேயே மின்பொறியியல் படித்து, பிரின்ஸ்டனில் 1976இல் முனைவரானவர். பிறகு எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி, கொலம்பியா என்று இடங்கள் மாறின, கேள்வி மாறவில்லை.

அதன் அழகு முழுதாகத் தெரிவது நாஷ் சமநிலையில். ஆட்டக்காரர் எவரும் தான் மட்டும் போக்கை மாற்றி லாபம் பார்க்க முடியாத நிலை அது. அப்படி ஒரு நிலை இருந்தே தீரும் என்று ஜான் நாஷ் 1950இல் காட்டிவிட்டார். சரி, இருக்கிறது, போய் எடுத்துவர முடியுமா?

பாப்பாதிமித்ரியு 1994இல் வகுத்த 'பிபிஏடி' என்ற கணக்குகளின் வகையை ஓர் ஊராக நினைத்துக்கொள்ளலாம். எந்த வீட்டுக்கும் வருவதற்கு ஒரு வழிக்கு மேல் கிடையாது, போவதற்கும் ஒன்றுக்கு மேல் கிடையாது. நாம் நிற்கும் வீட்டிலிருந்து வெளியே வழி உண்டு, உள்ளே வரும் வழி இல்லை. அப்படியானால் இந்தப் பாதை எங்கோ முடிந்தாக வேண்டும். சின்னக் குழந்தைக்கும் புரிகிற நியாயம். ஆனால் வீடுகளின் எண்ணிக்கை எண்ணி மாளாது. நடந்தே போனால் ஆயுள் போதாது. நாஷ் சமநிலையைக் கண்டுபிடிப்பது இந்தப் பாதையின் கடைசி வீட்டைத் தேடுவதற்குச் சமமான கடினம் என்று, கான்ஸ்டான்டினோஸ் தஸ்கலாகிஸ், பால் கோல்ட்பெர்க் இருவருடன் சேர்ந்து 2006இல் அவர் காட்டினார். சந்தை தானாகவே சமநிலைக்கு வந்துவிடும் என்று ஓயாமல் சொல்பவர்களை நின்று யோசிக்கவைக்கும் முடிவு இது: கணினியே திணறுகிற இடத்துக்குச் சந்தை மட்டும் எப்படி வந்து சேரும்?

பெயர் வைப்பதிலும் கைதேர்ந்தவர். அவரவர் தம் வசதியை மட்டும் பார்த்து வழி தேர்ந்தால் மொத்தத்தில் எவ்வளவு வீணாகிறது என்று எலியாஸ் கூட்சூப்பியாஸுடன் சேர்ந்து 1999இல் அளந்தார். அந்த அளவுக்கு நிலைத்த பெயர் 'அராஜகத்தின் விலை'. 2012இன் கோடல் பரிசு பெற்ற ஆய்வுகளில் அதுவும் ஒன்று.

தர்க்கத்தின் கதையைச் சித்திரங்களில் சொல்லும் 'லாஜிகாமிக்ஸ்' நூலை அப்போஸ்டலோஸ் டாக்ஸியாடிஸுடன் எழுதினார். அதில் அவரும் ஒரு பாத்திரம். ஏதென்ஸ் தெருக்களில் நடந்தபடி இணையாசிரியரோடு மல்லுக்கு நிற்கிறார். கணிதத்துக்கு அசையாத அடித்தளம் தேடியவர்கள் தோற்றார்கள் என்ற துயரக் கதையாக முடிப்பதை அவர் ஒப்பவில்லை. அந்தத் தேடலில்தானே கணினி பிறந்தது என்கிறார். தேடியது அகப்படவில்லை, ஆனால் எது அகப்படும், எது அகப்படாது என்று கேட்கிற அவருடைய துறையே அந்தத் தோல்வியின் பிள்ளைதான்.