எழுபத்து மூன்று வருஷத்துக் கிளப்பை எப்படி ரசிப்பது

புதுப் பெருங்களத்தூரில் எங்கள் தெருவில் ரயில்வேயில் ரிட்டையர் ஆன பெரியவர் ஒருவர் இருக்கிறார். வாலிப வயதில் டிபார்ட்மென்ட் டீமில் லெஃப்ட் பேக் ஆடியவர். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் பையன் வாசல் படியில் உட்கார்ந்து, ஜெர்மன் நான்காம் டிவிஷன் மேட்ச் ஒன்றைச் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன டீம் தம்பி?"

"லோகோமோட்டிவ் லைப்ஸிக், தாத்தா."

"லோகோவா? அப்ப நம்ம டிபார்ட்மென்ட் டீம்தான்."

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது அவ்வளவும் சரி. கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்த காலத்தில் ஒவ்வொரு கிளப்புக்கும் பின்னால் ஒரு தொழிலோ இலாகாவோ நிற்கும். போலீஸ் பக்கம் என்றால் டைனமோ, இரசாயனத் தொழிற்சாலை என்றால் கெமி, எஃகு ஆலை என்றால் ஸ்டால், ரயில்வே என்றால் லோகோமோட்டிவ். பெயரைக் கேட்டாலே சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். சென்னை லீக் பட்டியலை எடுத்து வாசித்துப் பாருங்கள்: தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் பாங்க், இன்கம்டாக்ஸ், கஸ்டம்ஸ், ஏ.ஜி. ஆபீஸ். லைப்ஸிக்காரன் ஒருவனை எழும்பூரில் இறக்கிவிட்டு இந்தப் பட்டியலைக் கையில் கொடுத்தால், அவனுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

சின்ன கிளப்பை ரசிக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் காரியம் இதுதான். பாயின்ட்ஸ் டேபிளை அப்புறம் பார்க்கலாம், முதலில் பெயரைப் படியுங்கள். பெரிய கிளப்பின் பெயர் அநேகமாக மாறுவதில்லை. சின்ன கிளப்பின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் ஏதோ ஒன்று நடந்திருக்கும். லோகோமோட்டிவின் மூலக் கிளப் வி.எஃப்.பி. லைப்ஸிக். ஜெர்மனியின் முதல் தேசிய சாம்பியன், 1903-இல். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பழைய கிளப்புகளையெல்லாம் கலைத்துவிட்டார்கள். அதன் பிறகு வரிசையாகப் பல பெயர்கள், 1966-இல்தான் லோகோமோட்டிவ். பெர்லின் சுவர் இடிந்த பிறகு 1991-இல் மறுபடியும் வி.எஃப்.பி. ஒரு நாட்டின் நூறு வருஷச் சரித்திரம் ஒரே கிளப்பின் பெயர்ப்பலகையில் கிடக்கிறது.

நம்மிடமும் அப்படி ஒரு பலகை உண்டு. 1946-இல் சென்னையில் ஆரம்பித்த ஒரு கிளப்புக்கு நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று பெயர். 1946 எப்படிப்பட்ட வருஷம் என்று யோசித்துப் பாருங்கள். செங்கோட்டையில் ஐ.என்.ஏ. வீரர்கள் மீது விசாரணை, மலேயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் திரும்பி வரும் தமிழர்கள், சுதந்திரம் கைக்கு எட்டும் தூரத்தில். அந்த நேரத்தில் பந்து ஆடக் கூடிய ஒரு கூட்டம் தனக்கு நேதாஜி என்று பெயர் வைத்துக்கொண்டது. பேட்டையின் பெயரோ முதலாளியின் பெயரோ அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. அந்தக் கிளப்தான் எழுபது வருஷம் நெருங்கும்போது சென்னை சிட்டி எஃப்.சி. என்று பெயர் மாறி, 2016-17 சீசனில் தேசிய அளவிலான ஐ-லீக்குக்குள் போனது. நேதாஜி என்பது ஒரு தலைமுறையின் ஆசை. சென்னை சிட்டி என்பது டி.வி. ஒளிபரப்பும் ஸ்பான்சரும் வந்துவிட்ட காலத்தின் பெயர். இரண்டில் எது நல்ல பெயர் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒரு பெயரைச் சொல்லும்போது இன்னொன்றும் காதில் விழ வேண்டும். அது விழ ஆரம்பித்தால் பாதி ரசனை வந்துவிட்டது.

அடுத்தது டேபிள். சின்ன கிளப்பின் டேபிளைக் கீழேயிருந்து மேலே படிக்க வேண்டும். சென்னை சிட்டி தன் முதல் ஐ-லீக் சீசனில் எட்டாவது இடம். அடுத்த சீசனிலும் எட்டாவது. இரண்டு தடவையும் பத்து டீம்கள்தான். இப்படிப்பட்ட டீமுக்கு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் விழும் ஒரே ஒரு டிராவின் மதிப்பு, கோப்பைக்கு ஆடுகிற டீமின் ரசிகனுக்குப் புரியாது. எட்டாவது இடம் என்பது தலை தண்ணீருக்கு மேலே இருப்பது. அதை உணர்ந்தவர்களுக்குத்தான் அதற்கு அடுத்த வருஷம் நடந்தது முழுசாகப் புரியும்.

2018-19 சீசன். சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் கோச்சாக வந்தார். ஸ்பெயினிலிருந்து பெட்ரோ மான்ஸியும் கூடச் சிலரும் வந்தார்கள். அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால் மாதிரி நம் பையன்கள். பெயரில் சென்னை, மைதானம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். மான்ஸி அந்த சீசனில் 21 கோல் போட்டார். இருந்தும் கடைசி நாள் வரைக்கும் எதுவும் முடிவாகவில்லை. 2019 மார்ச் 9. கோயம்புத்தூரில் சென்னை சிட்டிக்கு எதிரே மினர்வா பஞ்சாப், முந்தைய வருஷ சாம்பியன். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், சென்னைக்கு ஒரே ஒரு பாயின்ட் பின்னால்.

ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே மினர்வா ஒரு கோல் போட்டது. இடைவேளையில் 0-1. இரண்டாம் பாதியில் பெனால்டி கிடைத்து மான்ஸி சமன் செய்தார். அதற்குப் பிறகு வந்த இரண்டு கோல்களையும் போட்டவர் கௌரவ் போரா, பின்களத்தில் ஆடுகிறவர். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்தது. கணக்கு முடிந்தபோது சென்னை 43, ஈஸ்ட் பெங்கால் 42. நூறு வருஷம் எட்டப் போகும் கல்கத்தா கிளப்பை ஒரே ஒரு பாயின்ட்டில் தாண்டித் தமிழ்நாட்டுக்கு முதல் ஐ-லீக் கோப்பை வந்தது. 1946-லிருந்து எண்ணினால் 73 வருஷம். நேதாஜி என்று பெயர் வைத்தவர்களில் எத்தனை பேர் அன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன், கண் கலங்கியது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இனி வருத்தமான பகுதி. சின்ன கிளப்பின் சரித்திரத்தை ரசிக்கிறேன் என்று கிளம்பியவர்கள் இதைத் தாண்டிப் போக முடியாது. சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாஸல் 2019-இல் கிளப்பில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஆசியப் போட்டிகளிலும் ஆடினோம். பிறகு கொரோனா. 2020-21 சீசனை எல்லா டீம்களும் வங்காளத்திலேயே தங்கி ஆடி முடித்தார்கள். அதற்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயர் இல்லை. கோப்பை கிடைத்து இரண்டு வருஷம் சொச்சத்தில்.

இந்த இடத்தில் லைப்ஸிக்குக்கு மறுபடி போய்வர வேண்டும். வி.எஃப்.பி. என்று பழைய பெயருக்குத் திரும்பிய அந்தக் கிளப் 1993-94-இல் ஒரே ஒரு சீசன் பூந்தஸ்லீகாவில் ஆடிக் கீழே விழுந்தது, கடனில் மூழ்கியது, கடைசியில் கலையும் நிலைக்கு வந்தது. 2003 டிசம்பரில் ரசிகர்கள் கூடி லோகோமோட்டிவ் என்ற பெயரிலேயே புதிதாகக் கிளப்பைப் பதிவு செய்தார்கள். 2004-இல் அவர்களுக்குக் கிடைத்த இடம் பதினோராம் நிலை. அதற்குக் கீழே டிவிஷனே கிடையாது. அந்த அடிமட்ட லீக்கின் ஒரு மேட்ச்சுக்கு, பெரிய ஸ்டேடியத்தில் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் வந்து உட்கார்ந்தார்கள். பதினேழு வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில்தான் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையின் அரையிறுதியில் போர்தோ டீமுக்கு எதிராக அவர்களுடைய கோல்கீப்பர் ரெனே ம்யூலரே வெற்றி பெனால்டியை அடித்தார். அப்பா அந்த மேட்ச் பார்த்தவர், மகன் இந்த மேட்ச் பார்க்கிறான், இருவருக்கும் ஒரே கிளப். படிப்படியாக ஏறி இப்போது நான்காம் நிலையில் ஆடுகிறார்கள். என் பையன் செல்போனில் பார்த்தது அந்த டீமைத்தான்.

அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை என்று கேட்டால், பாசத்தில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஜெர்மனியில் கிளப் என்பது சந்தா கட்டும் உறுப்பினர்களின் சங்கம். முதலீட்டாளர் எவ்வளவு பணம் போட்டாலும் ஓட்டில் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்று 1998 முதல் விதி வைத்திருக்கிறார்கள். கம்பெனி போனாலும் சங்கத்து ஆட்கள் மிஞ்சுவார்கள். நம் ஊரில் டிபார்ட்மென்ட் டீமுக்கு டிபார்ட்மென்ட்தான் சொந்தக்காரர், ஐ-லீக் டீமுக்கு முதலாளிதான் சொந்தக்காரர். கேலரியில் கத்துகிறவனுக்கு கிளப்பின் மேல் எழுத்துப்பூர்வமான உரிமை ஏதும் இல்லை. அதனால் யார் பணம், யார் ஓட்டு என்று ஒரு கிளப்பின் சரித்திரத்தில் தேடிப் படியுங்கள். கோல் கணக்கைவிட அது அதிகம் சொல்லும்.

டிபார்ட்மென்ட் டீம் என்றால் மட்டம் என்று நினைக்கிறவர்கள் பெரியவரிடம் பத்து நிமிஷம் உட்கார வேண்டும். 1960-களில் ரயில்வே டீம் சந்தோஷ் டிராபியை மூன்று முறை ஜெயித்திருக்கிறது. காலையில் ஷெட்டில் வேலை, மதியத்துக்கு மேல் பிராக்டிஸ், மேட்ச்சுக்கு ஸ்பெஷல் லீவ். "காலுக்குக் கிடைச்ச வேலை தம்பி. அந்த வேலையிலதான் ரெண்டு தங்கச்சி கல்யாணம் பண்ணேன்," என்பார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வாங்கித் தரும் டீமுக்கு ஒரு பையன் எப்படி ஆடுவான் என்று யோசியுங்கள். அவன் ஒவ்வொரு டேக்கிளிலும் ஒரு குடும்பத்தின் அரிசி இருக்கிறது.

சரி, நேரில் போவோம். பெருங்களத்தூரில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி எழும்பூரில் இறங்குங்கள். மேட்ச் நேரு பார்க் மைதானத்தில் என்றால், அங்கிருந்து மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷனே நேரு பார்க். பெரியமேட்டில் இருக்கும் நேரு ஸ்டேடியத்தில் மேட்ச் என்றால் பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். அங்கே போனால் இன்னொரு சரித்திரமும் காலடியில் கிடக்கும். பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்த இடம் அது. 1956 முதல் 1965 வரை டெஸ்ட் கிரிக்கெட் நடந்தது. புதிதாகக் கட்டி 1993-இல் நேரு கோப்பைப் பந்தாட்டத்தை அங்கேதான் நடத்தினார்கள்.

லீக் மேட்ச்சுக்குப் போனால் கோட்டுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். டி.வி.யில் கிடைக்காதது சத்தம். புல்லில் பூட்ஸ் உரசும் சத்தம், பந்து நெஞ்சில் விழும்போது வரும் "டொப்", கோல்கீப்பர் தொண்டை கிழியக் கத்தும் "ஏறு, ஏறு, லைன் பிடி." தொண்ணூறு நிமிஷமும் பந்தைப் பின்தொடராதீர்கள். ஒரு பத்து நிமிஷம் லெஃப்ட் பேக்கை மட்டும் பாருங்கள். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது அவன் எங்கே நிற்கிறான், விங்கைப் பார்க்கிறானா, தன் ஸ்டாப்பரைப் பார்க்கிறானா, மூச்சு வாங்கும்போது கையை இடுப்பில் வைக்கிறானா முழங்காலில் வைக்கிறானா. இது பெரியவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த வழி. முழங்காலில் கை வைத்தவனின் பக்கம்தான் அடுத்த கோல் வரும் என்பார். பல தடவை வந்திருக்கிறது.

பையன்களின் ஊரையும் விசாரியுங்கள். வியாசர்பாடி என்று நிறையப் பேர் சொல்வார்கள். ரயில்வே பணிமனை, பின்னி மில், துறைமுகம் என்று வேலை இருந்த வடசென்னையில்தான் பந்தும் வேர் பிடித்தது. மில் போய்விட்டது, பந்து போகவில்லை. சென்னை லீக்கில் ஆடி, சென்னை சிட்டிக்கு ஆடி, பிறகு ஐ.எஸ்.எல். போன நந்தகுமார் சேகர் அந்த வியாசர்பாடிப் பையன்தான். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் போட்ட ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. நான்கு வருஷத்துக்கும் மேலாக டெர்பி ஜெயிக்காமல் காத்திருந்த கூட்டம் அது. 2019-இல் நம்மிடம் ஒரு பாயின்ட்டில் கோப்பையை விட்ட அதே ஈஸ்ட் பெங்கால். சென்னை சிட்டி பட்டியலில் இல்லை, அதன் பையன் கல்கத்தாவில் கோல் போட்டான். ஒரு கிளப் எங்கெல்லாம் மிஞ்சுகிறது என்று தேடுவதில் எனக்குக் கிடைக்கும் சந்தோஷம் சாம்பியன் டீமைப் பார்ப்பதில் கிடைத்ததில்லை.

விசில் ஊதியதும் எழுந்துவிடாதீர்கள். பத்து நிமிஷம் இருங்கள். கோட்டோரம் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பார்கள், இரண்டு பேர் நெட்டைச் சுருட்டுவார்கள், தோற்ற டீமின் கோச் ஒரு பையனைத் தனியாக அழைத்துப் பேசுவார். போன மாதம் பெரியவரை அழைத்துப் போயிருந்தேன். மேட்ச் முடிந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ரயில்வே டீமின் லெஃப்ட் பேக்கிடம் போனார். இருபத்திரண்டு வயது இருக்கும் அவனுக்கு. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அவன் எழுந்து நின்று, இடது காலை முன்னால் வைத்துக் காட்டினான். பெரியவர் குனிந்து அவன் கணுக்காலைப் பிடித்து, ஒரு அங்குலம் வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்தார்.